தவக்காலத்துக்கு நடுவே வேஷம் கட்டும் ஊர்

செவ்வாய்

ஹாலிஃபாக்ஸிலிருந்து ஷெட்டிகாம்புக்கு நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கோடையில் ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம் என்பார்கள். மார்ச் மாதத்தில் அந்தக் கணக்கை நம்பிக் கிளம்பக் கூடாது. அன்டிகோனிஷ் தாண்டியதுமே பனி தூறத் தொடங்கிவிட்டது. முன்னால் போன பனி வாரும் வண்டியின் பின்னாலேயே ஊர்ந்து போனோம்.

ஷெட்டிகாம்ப் என் அலுவலகத் தோழியின் சொந்த ஊர். கனடாவின் கிழக்கோரத்தில், நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவில், பிரெஞ்சு பேசும் அகேடியர்கள் வாழும் மீன்பிடி ஊர். (அம்மாவிடம் போனில் ஊர்ப் பெயரைச் சொன்னேன். "செட்டியார்கள் அங்கேயும் போய்விட்டார்களா?" என்றார்.) "தவக்காலத்துக்கு நடுவில் நாங்கள் முகமூடி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவோம்" என்று தோழி ஒரு மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். தூத்துக்குடிப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள் நான். எனக்குத் தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு (பாஸ்காவுக்கு) முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலம் என்றால் ஒருசந்தி (ஒருவேளைச் சாப்பாடு), சுத்தபோசனம் (இறைச்சி விலக்கு), வெள்ளிக்கிழமை இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப்பாதை. கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள். பாட்டி தலையில் பூ வைக்க மாட்டாள். நடுவில் இடைவேளை விடுவார்கள் என்று ஞாயிறு மறைக்கல்வியில் யாரும் சொன்னதில்லை. நான்காம் ஞாயிறு சாமியார் ரோஸ் நிற உடையில் பூசை வைப்பார். எங்களுக்குக் கிடைத்த சலுகை அவ்வளவுதான்.

கான்சோ நீரிணையைக் கடந்தால் கேப் பிரெட்டன். 1955 வரை படகில்தான் கடக்க வேண்டும். பிறகு கடலுக்குள் பாறைகளைக் கொட்டிச் சாலை போட்டுவிட்டார்கள். அந்தப் பாறையெல்லாம் கரையிலேயே இருக்கும் போர்க்குபைன் மலையை வெடிவைத்து எடுத்தது. கடித்து வைத்த மாதிரி மலை இன்னும் அப்படியே நிற்கிறது.

அதற்கப்புறம் 19ஆம் எண் சாலை. மாபூ, இன்வர்னஸ் என்று ஸ்காட்லாந்து வழியினரின் ஊர்கள். பெயர்ப் பலகைகளில் கேலிக் மொழியும் இருக்கிறது. மார்கரீ ஹார்பர் பாலம் தாண்டியதும் பலகைகள் பிரெஞ்சுக்கு மாறுகின்றன. வீட்டு முகப்பு, மின்கம்பம், அஞ்சல் பெட்டி என்று எங்கு பார்த்தாலும் ஒரே கொடி: பிரான்ஸின் மூவர்ணம், நீலப் பட்டையில் ஒரு மஞ்சள் நட்சத்திரம். அந்த நட்சத்திரம் மாதா. அகேடியர்கள் 1884இல் தேர்ந்தெடுத்த கொடி இது. அவர்களின் தேசிய நாள் ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். அன்று எங்கள் ஊரில் கோயிலிலும் கொடி ஏறும், பள்ளிக்கூடத்திலும் கொடி ஏறும் என்றேன். தோழிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

இருட்டிய பிறகுதான் வீடு வந்தோம். தோழியின் அம்மா கதவைத் திறந்தார். "ரோடு மோசமா?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் வாய் திறக்கும் முன்பே மூச்சை உள்ளிழுத்தபடி "யா" என்று பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். இந்தப் பகுதியில் பலர் ஆமாம் என்பதை இப்படித்தான் சொல்கிறார்கள். முதல்முறை கேட்டால் ஏதோ அதிர்ச்சியான சேதி கேட்டுவிட்டார்கள் போலிருக்கும்.

புதன்

காலையில் ஜன்னலுக்கு வெளியே கடலைத் தேடினேன். கரையிலிருந்து கண் எட்டும் வரை பனிக்கட்டி. செயின்ட் லாரன்ஸ் வளைகுடாப் பனி இந்த மாதத்தில் இங்கே வந்து முட்டி நிற்கிறது. நண்டும் சிங்கி இறாலும் பிடிக்கிற படகுகள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. கடல் இல்லை, தொழில் இல்லை, ஆறு மணிக்கு இருட்டு. இந்த ஊர் மார்ச் மாதத்தில் ஏன் வேஷம் கட்டுகிறது என்பதற்குப் பாதி காரணம் இந்த ஜன்னலிலேயே தெரிந்தது.

மீதிக் காரணத்தைத் தோழியின் அம்மா இறைச்சிப் பணியாரத்துக்கு மாவு தேய்த்துக்கொண்டே சொன்னார். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து பாஸ்காவுக்கு முந்தைய சனி வரை ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் 46 நாள். 23ஆவது நாள் மூன்றாம் வாரத்து வியாழனில் விழும். அதுதான் மி-கரேம், அதாவது பாதித் தவக்காலம். அவருடைய பாட்டி காலத்தில் சாம்பல் பூசியதும் பிடிலை ஆணியில் மாட்டிவிடுவார்களாம். சீட்டு கிடையாது, ஆட்டம் கிடையாது. மிட்டாய் கொடுத்தால் பிள்ளைகள் தின்னாமல் ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைக்க வேண்டும். அந்த ஒரு நாள் மட்டும் பிடில் இறங்கும், டப்பா திறக்கும். மறுநாள் பழையபடி.

பழக்கம் பிரான்ஸிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரீஸின் சலவைப் பெண்கள் இந்த நாளில் தங்களுக்குள் ராணி தேர்ந்தெடுத்து ஊர்வலம் போனார்கள். பெல்ஜியத்தின் ஸ்டாவலோவில் அடுத்து வரும் ஞாயிறன்று நீள மூக்கு முகமூடியும் வெள்ளை அங்கியுமாக இன்றும் பெரிய ஊர்வலம் நடக்கிறது. கனடாவில் ஊர்வலமெல்லாம் இல்லை. பனியில் யார் நடப்பது? இங்கே வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். கியூபெக்கின் நத்தாஷ்கான், இல்-ஒ-க்ரூ போன்ற மூலைகளிலும் இந்த ஊரிலும் அது பிழைத்துக் கிடக்கிறது.

அகேடியர்களுக்குப் பிழைத்துக் கிடப்பது புதிதல்ல. 1755இல் தொடங்கி ஆங்கிலேயர்கள் அவர்களைக் கப்பல் கப்பலாக ஏற்றி நாடு கடத்தினார்கள். சமாதானத்துக்குப் பிறகு திரும்பி வந்தபோது அவர்களுடைய நல்ல நிலங்களில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். கிடைத்தது இந்தக் காற்றடிக்கும் கரை. 1790இல் பதினான்கு பேருக்கு இங்கே நிலம் எழுதிக் கொடுத்தார்கள். ஊரே அந்தப் பதினான்கு கிழவர்களின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்கிறது. அதனால் திரும்பினால் ஷியாசன், இல்லாவிட்டால் ஓக்வான், லெப்லாங், தெவோ. குடும்பப் பெயரைச் சொல்லி இங்கே யாரையும் கண்டுபிடிக்க முடியாது. அப்பா பெயர், தாத்தா பெயர் என்று கோத்துச் சொல்கிறார்கள்: பீட்டரின் சார்லியின் ஜோ. நம்முடைய முன்னெழுத்தை முழுதாக விரித்துச் சொல்கிற மாதிரி.

சாயங்காலம் சமையலறை நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினோம். தரையில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்தோம், பனிச் செருப்போடு வருவார்களாம். இன்று இந்த வீடு காத்திருக்கும் வீடு. ஊரில் சிலர் வேஷம் போட்டு ஓடுவார்கள், சிலர் வீட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள். எந்த வீடு திறந்திருக்கிறது என்பது எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சுவரோரத்தில் அக்கம்பக்கத்தார் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் பிடில், ஒரு பெண் பியானோ. வாசிப்பது ஸ்காட்லாந்து மெட்டு. பக்கத்து ஊர்களோடு கலந்து வாழ்ந்ததில் அதுவே இவர்களுடையதாகிவிட்டது.

எட்டு மணி இருக்கும். கதவைத் தட்டாமலே ஒரு கூட்டம் உள்ளே வந்தது. முதல் ஆளை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். பழுப்பு நிறப் பெண்கள் கோட்டு, அதற்குள் தலையணை திணித்த வயிறு. கையில் பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் உறை. முகத்தில் ஜன்னல் திரைச்சீலை, அதன் மேல் ஒரு மூக்குக்கண்ணாடி. ஒரு காலில் கறுப்பு பூட், மற்றதில் பச்சை. பின்னால் ஒரு கோழித் தலை, மணமகள் உடையில் ஆறடி உருவம், குப்பைப் பையை உடுத்திய இரண்டு பேர். ஒருவரும் பேசவில்லை. அறை நடுவே வந்து அசைந்துகொண்டு நின்றார்கள். சத்தியமாக எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

அப்புறம் விசாரணை ஆரம்பித்தது. "நீ கடலோரத்து ஆளா, மலையோரத்து ஆளா?" கோட்டு உருவம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே ஏதோ சொன்னது. குரல் தெரியாமலிருக்க இதுதான் உத்தி. உள்ளிழுக்கும் மூச்சில் பேசினால் ஆண் குரல், பெண் குரல் எல்லாம் ஒரே கீச்சாகிவிடும். சின்ன வயதிலிருந்து "யா"வை அப்படிச் சொல்லிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் கஷ்டமே இல்லை. சுற்றியிருந்தவர்கள் பெயர்களாக எறிந்தார்கள். உருவம் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தது.

தோழியின் அம்மா முகமூடியைத் திரும்பியே பார்க்கவில்லை. "அதை மறைக்கத்தானே இவ்வளவு பாடு, அங்கே என்ன இருக்கும்?" என்றார். பிடில்காரரிடம் வேகமாக ஒன்று வாசிக்கச் சொன்னார். உருவத்தால் சும்மா நிற்க முடியவில்லை, கால் தட்ட ஆரம்பித்தது. அம்மா குனிந்து பச்சை பூட்டையே ஒரு நிமிஷம் பார்த்தார். இடது குதிகால் ஒவ்வொரு நான்காவது தட்டுக்கும் ஒரு நூல் பின்தங்கியது. "பீட்டரின் சார்லியின் ஜோ! படகில் அடிபட்ட கால்!" திரைச்சீலை மேலே போனது. வியர்வை சொட்டச் சொட்ட ஒரு அறுபது வயது முகம். அறையே கத்தியது. அவர் கையில் பீர் வந்தது, தலையணை வயிறோடு ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து மற்றவர்களைக் கண்டுபிடிக்கிற கட்சியில் சேர்ந்துகொண்டார்.

ஆறடி மணமகளை மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது நேராக என்னிடம் வந்து, என் பின்னலை எடுத்துத் தன் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, முகமூடியைக் கழற்றாமலே வெளியே போய்விட்டது. நள்ளிரவு தாண்டியும் அது யாரென்று சமையலறையில் சண்டை நடந்தது.

வியாழன்

இன்று நாங்கள் ஓட வேண்டும். மச்சில் ஒரு பெட்டி நிறைய மூன்று தலைமுறைத் துணி. எனக்குக் கிடைத்தது எண்ணெய்ச் சட்டை என்று இவர்கள் சொல்லும் மீனவர் மழைக்கோட்டு. முகத்துக்கு அம்மாவே காகிதக் கூழில் செய்த ஒரு கிழவி முகம், கழுத்து தெரியாமல் கம்பளிச் சுற்று. கைக்கு இரண்டு ஜோடி உறை.

கிழவி முகத்துக்கு ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் மி-கரேம் என்பதே ஒரு ஆள்: வேஷம் போட்டு வரும் பாட்டி. பிள்ளைகளை மிரட்டவும் செய்வாள், மிட்டாயும் தருவாள். இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. புதிதாகப் பிறந்த தம்பிப் பாப்பா எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டால், மி-கரேம் கொண்டுவந்து போட்டாள் என்பார்களாம். தவக்காலத்தில் வந்த ஒரு பாட்டிக்குப் பிரசவ விசேஷத்தை ஒப்படைத்த இந்த ஊர்க்காரர்களின் துணிச்சலை ரசித்தேன்.

முதல் வீட்டில் தோழி இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அவள் நிற்கும் விதமே அவளுடைய செத்துப்போன அத்தை மாதிரி இருக்கிறதாம். அவளைக் கண்டுபிடித்ததும் கூட வந்த குட்டை உருவம் யார் என்று என் மேல் பாய்ந்தார்கள். என் உயரம் ஐந்தடி. "அவள் அக்கா மகள்தான்." "இல்லை, அவள் பெரியவள் ஆகிவிட்டாள், இது சின்னவன்." ஒரு பாட்டி என்னைப் பள்ளிக்கூடப் பிள்ளை என்றே முடிவு செய்து கையில் ஒரு துண்டு சர்க்கரைப் பால்கோவாவைத் திணித்தாள். சர்க்கரையும் பாலேடும் காய்ச்சி ஆறவைத்தது. முகமூடிக்கு அடியில் கையை விட்டு அதைச் சாப்பிடுவது தனிக் கலை. மற்றவர்களுக்கெல்லாம் பீர், எனக்குப் பால்!

இரண்டாவது வீட்டில் ஏறக்குறைய அதே கதை.

மூன்றாவது வீட்டில்தான் மாட்டிக்கொண்டேன். அங்கே ஒரு வயதான மீனவர். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், எல்லாரும் அரை மணி நேரம் பெயர் சொல்லிக் களைக்கும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் "ஆடச் சொல்லுங்கள்" என்றார். பிடில் கிளம்பியது. இவர்களுடைய ஆட்டத்தில் இடுப்புக்கு மேல் எதுவும் அசையாது, எல்லாம் காலில்தான். எனக்கு அது வருமா? இரண்டு சுற்று சமாளித்தேன். அதற்குள் கை தன்னால் கும்மிக்குப் போய்விட்டது. குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. இரண்டு ஜோடி உறைக்குள் சத்தமே வரவில்லை.

"இது இந்தக் கரையில் யாருடைய கையும் இல்லை" என்றார் பெரியவர்.

முகமூடியைக் கழற்றினேன். ஒரு நொடி மௌனம், அப்புறம் வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நியாயமாகவே கோபித்துக்கொண்டார்: "இது ஏமாற்று வேலை. தெரிந்தவர்கள்தான் ஒளிய வேண்டும். தெரியாத ஆளை யார் கண்டுபிடிக்க முடியும்?" உண்மைதான். ஆயுள் முழுக்க ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தே அடையாளம் சொல்கிற ஊரில்தான் இந்த விளையாட்டு நடக்கும். எங்கள் ஹாலிஃபாக்ஸ் அடுக்குமாடியில் முகமூடி போட வேண்டிய தேவையே இல்லை, முகத்தைக் காட்டினாலும் எதிர் வீட்டுக்காரருக்கு என்னைத் தெரியாது.

ஆனாலும் பெரியவர் இறைச்சிப் பணியாரத்தில் பெரிய துண்டை எனக்குத்தான் வைத்தார். யார் மகள், எந்த ஊர், அப்பா என்ன தொழில் என்று வரிசையாகக் கேட்டார். அப்பா படகு வைத்திருந்தார் என்றதும் எத்தனை அடிப் படகு, என்ன இன்ஜின் என்று பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டது. கிளம்பும்போது மணி ஒன்றரை.

வெள்ளி

சுவேத் அடிக்கிறது. மலைமேட்டிலிருந்து ஊர் மேல் சரிந்து விழும் தென்கிழக்குக் காற்றுக்கு இங்கே அந்தப் பெயர். மோசமான நாட்களில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. இன்று அவ்வளவு இல்லை என்கிறார்கள். எனக்குக் கார் கதவைத் திறக்க இரண்டு கை வேண்டியிருந்தது.

மாலையில் புனித பேதுரு கோயிலில் சிலுவைப்பாதை. 1893இல் கட்டிய கோயில், வெள்ளிக் கோபுரம் கடலில் வருகிறவர்களுக்குத் தொலைவிலேயே தெரியும். எதிரே இருக்கும் தீவில் கல் வெட்டி, குளிர்காலத்தில் உறைந்த கடலின் மேல் குதிரைகளை வைத்து இழுத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். முன்வரிசையில் நேற்றைய பெரியவர், கோழித் தலை என்று நான் சந்தேகிக்கும் ஒருவர், பியானோ பெண். எல்லாரும் முட்டி போட்டு எழுந்தார்கள். பிரெஞ்சு புரியாவிட்டாலும் எத்தனையாவது நிலையில் இருக்கிறோம் என்பது எனக்குத் தெரிந்தது.

இரவு மீன் வடையும் பீட்ரூட் ஊறுகாயும். சுத்தபோசனமா என்று கேட்டேன். தோழியின் அம்மா அதற்கு நேராகப் பதில் சொல்லாமல் ஒரு கணக்குச் சொன்னார். 1966இல் பாப்பரசர் ஆறாம் பவுல் நோன்புச் சட்டத்தைத் தளர்த்தியபின் கட்டாய ஒருசந்தி என்பது சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான். நாற்பது நாள் நோன்பு இருந்த காலத்தில் இடைவேளை ஒரு நாள். நோன்பு இரண்டு நாளாகச் சுருங்கிய பிறகு இடைவேளை ஏறக்குறைய ஒரு வாரமாக வளர்ந்துவிட்டது. "எதிலிருந்து ஓய்வு எடுக்கிறோம் என்று சாமியார் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்றேன். ஜன்னலைக் காட்டினார். கூரைத் தகடு படபடத்துக்கொண்டிருந்தது. "இதிலிருந்து."

எனக்கு அந்தப் பதில் பாதிதான் ஒப்பும். குளிரும் காற்றும் மட்டும் காரணம் என்றால் ஜனவரியிலேயே வேஷம் கட்டியிருக்கலாமே. பக்கத்துத் தீவான நியூஃபவுண்ட்லாந்தில் இதே மாதிரி முகமூடி விளையாட்டு கிறிஸ்மஸ் சமயத்தில்தான் நடக்கிறது. இவர்கள் 23ஆவது நாளை விடவில்லை. பிடிலை ஆணியில் மாட்டுகிறவர்கள் இப்போது யாரும் இல்லை. ஆனால் அதை இறக்குகிற நாள் எது என்பது எல்லாருக்கும் தெரிகிறது.

சனி

காற்று அடங்கியது. கிளம்பும் முன் ட்ருவா பிஞ்ஞோன் என்ற அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போகச் சொன்னார்கள், எலிசபெத் லெஃபோர் என்ற இந்த ஊர்ப் பெண் கம்பளி நூலைக் கொக்கியில் கோத்துச் செய்த பெரிய உருவப் படங்கள் அங்கே இருக்கின்றன. நேரமில்லை, கோடைக்கு ஒத்திவைத்தேன். வரும் வழியில் கிராண்ட் எத்தாங்கில் மி-கரேம் மையம் இருக்கிறது. முகமூடிகளைப் பார்க்கவும் செய்து பழகவும் அங்கே போகலாம்.

கூட்டுறவுக் கடையில் பெட்ரோல் போடும்போது பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, "பால் குடித்த பிள்ளை நீதானே?" என்றார். சேதி எனக்கு முன்னாலேயே ஊர்வலம் போயிருக்கிறது. ஆறடி மணமகள் யாரென்று அவரிடம் கேட்டேன். தெரியும், ஆனால் சொல்ல மாட்டாராம்.

போக விரும்புகிறவர்களுக்கு: பாஸ்கா நகர்வதால் நாளும் வருஷத்துக்கு வருஷம் நகரும். சாம்பல் புதனை முதல் நாளாக வைத்து எண்ணுங்கள். ஊர்க்காரர் ஒருவரின் துணையில்லாமல் யார் வீட்டுக்குள்ளும் நுழையாதீர்கள். நான்கு டயரும் குளிர்கால டயராக இருக்கட்டும், மார்கரீக்கு அப்பால் இழுவை வண்டி வந்து சேரத் தாமதமாகும்.